இலவச விஷுவல் ஸ்டுடியோவில் மில்லுக்கு ஆப் செய்து கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் மூன்று பார்ட்னர்கள் சேர்ந்து சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறோம். டெவலப்பர்கள் நான்கு பேர்; வருட வரவு 60 லட்சம் ரூபாய். மைக்ரோசாஃப்ட்டின் ஆப் உருவாக்கும் தளமான டாட் நெட் மாயியில் (.NET MAUI) ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள் செய்கிறோம். கோடு எழுத எல்லாக் கணினியிலும் மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பான கம்யூனிட்டிதான். ஒரு பெரிய ஸ்பின்னிங் மில் குழுமத்தின் ஆப் வேலை இரண்டு மாதமாக நடக்கிறது. இப்போது அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், எல்லா டூல்களுக்கும் முறையான லைசென்ஸ் இருப்பதாக உறுதி தரச் சொல்கிறார்கள். லைசென்ஸ் விவரம் கேட்டு ஒரு விற்பனை முகவரின் மெயிலும் வந்திருக்கிறது. ஐந்து பேர் வரை இலவசம்தானே? கட்டணப் பதிப்பான புரொஃபஷனலுக்கு ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: ஐந்து பேர் வரை இலவசம் என்பது சரிதான். ஆனால் அது உங்கள் நிறுவனத்தின் சொந்த ஆப்களுக்கு. மில் வேலைக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பது என் கருத்து. இன்றைய நிலையில் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

250-க்கு மேல் கணினிகளோ பயனர்களோ இருந்தாலும், ஆண்டு வருவாய் 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தொட்டாலும் அந்த அமைப்பை கம்யூனிட்டி லைசென்ஸ் 'என்டர்பிரைஸ்' என்கிறது. இரண்டில் ஒன்று போதும். 10 லட்சம் டாலர் என்பது ரூபாயில் எட்டு கோடிக்கு மேல். நடுத்தர மில்லே அதைத் தாண்டிவிடும். பெரும்பான்மைப் பங்கு வழியாக ஒரே கையில் இருக்கும் நிறுவனங்களின் கணக்கு மொத்தமாகச் சேரும் என்பதால், குழுமத்தின் ஒரு சின்ன கம்பெனி பெயரில் வொர்க் ஆர்டர் வாங்கியும் பயனில்லை. என்டர்பிரைஸின் ஆப்பை உருவாக்கவோ சோதிக்கவோ அதன் ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் கம்யூனிட்டியைப் பயன்படுத்தக் கூடாது. ஓப்பன் சோர்ஸ், கல்வி முதலிய சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்கு உதவாது.

ஆகவே விஷயம் உங்கள் தலைக்கணக்கில் இல்லை. ஆப் யாருடையது என்பதில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, உங்கள் ஊழியர்கள் எழுதும் கோடு உங்கள் நிறுவனத்துடையது. மில் பணம் கொடுத்ததாலேயே அது மில்லுக்குப் போய்விடாது. பிரிவு 19-இன்படி எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்க வேண்டும். பெரிய கிளையன்டுகளின் ஒப்பந்தத்தில் அந்த மாற்றம் அநேகமாக எழுதியே இருக்கும். அறிவுசார் சொத்துரிமை பற்றிய பிரிவை எடுத்துப் பாருங்கள். சோர்ஸ் கோடும் உரிமைகளும் மில்லுக்கே என்று இருந்தால், அது மில்லின் ஆப். வாதம் அங்கேயே முடிந்தது. உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு மில்லுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும் கொடுத்தால் வாதிட இடம் உண்டு. ஆனாலும் ஒரே மில்லுக்காக, அவர்கள் சொன்னபடியே செய்ததை 'எங்கள் தயாரிப்பு' என்பது பலவீனமான வாதம். பல மில்களுக்கு விற்கும் ஆப் என்றால் அது வேறு.

ஒரு லைசென்ஸ் போதாது. புரொஃபஷனல் லைசென்ஸ் ஆளுக்குத்தான், கணினிக்கு இல்லை. ஒருவர் தன் லேப்டாப்பிலும் ஆபீஸ் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். ஒரே லாகினை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியாது. மில் வேலையை இரண்டு பேரிடம் மட்டும் ஒப்படைத்தால் இரண்டு போதும். மற்ற இருவர் உங்கள் சொந்த ஆப்களை கம்யூனிட்டியிலேயே தொடரலாம். யார் எந்த வேலையில் என்பதற்கு, கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) பதிவுகளே சாட்சி சொல்லும், ஆகவே பேச்சுக்கு மட்டும் பிரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மாதச் சந்தாவாக அறிவிக்கப்பட்ட விலை ஆளுக்கு 45 டாலர். வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். இன்வாய்ஸ் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கட்டும். பார்ட்னர் ஒருவரின் சொந்த மெயில் ஐடியில் வாங்கினால், லைசென்ஸ் யாருடையது என்பது பிறகு தனித் தகராறாகும்.

செலவே வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. டாட் நெட்டும் மாயியும் எம்.ஐ.டி. என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் வருபவை, யாருக்காகவும் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட்டின் கோடு எடிட்டரான விஎஸ் கோடும் (VS Code) வணிக வேலைக்கு இலவசம். ஆனால் அதில் போடும் சி ஷார்ப் டெவ் கிட் (C# Dev Kit) என்ற எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது கூடுதல் இணைப்புக்கு, விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி போன்ற அதே கட்டுப்பாடு. மாயி எக்ஸ்டென்ஷனும் டெவ் கிட்டைக் கேட்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டையும் தவிர்த்து, அடிப்படை சி ஷார்ப் எக்ஸ்டென்ஷனோடு கமாண்ட் லைனில் பில்ட் செய்ய வேண்டும். டெவலப்பர்கள் முணுமுணுப்பார்கள்.

நடந்து முடிந்த இரண்டு மாதம்? பதிப்புரிமை மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால், பிரிவு 63-பி-இன்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் நகல் முறையாக டவுன்லோட் செய்தது. நிபந்தனையை மீறிப் பயன்படுத்தியதுதான் பிரச்சினை. அதனால் இது பெரும்பாலும் சிவில் வழக்காகவே நிற்கும் என்று கருதுகிறேன். ஆனால் மெயில் வந்த பிறகு 'தெரியாது' என்று சொல்வது கடினம். இன்றே மில் வேலையில் கம்யூனிட்டியை நிறுத்துங்கள். கணினிகளை ஃபார்மேட் செய்யாதீர்கள், அது ஆதாரத்தை அழித்ததாகத் தெரியும்.

முகவர் அனுப்பிய எக்செல் படிவத்தை அவசரப்பட்டு நிரப்பவும் வேண்டாம், பொய் எழுதவும் வேண்டாம். எந்த ஒப்பந்தத்தின் கீழ், யாருடைய அதிகாரத்தில் கேட்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

மில் ஒப்பந்தத்தில் உறுதிமொழி கையெழுத்திடும் தேதியிலிருந்து என்று இருக்கட்டும். நஷ்டஈடு ஒப்பந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கேளுங்கள். டூல்களின் பட்டியலை இணைப்பாகச் சேருங்கள். சின்க்ஃப்யூஷன் போன்ற கன்ட்ரோல்களையும் (ஆப்பில் சேர்க்கும் ஆயத்தத் திரைப் பகுதிகள்) விடாதீர்கள். சின்க்ஃப்யூஷனின் இலவச லைசென்ஸில் வருவாய்க்கும் டெவலப்பர் எண்ணிக்கைக்கும் மட்டுமல்ல, மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: பத்துப் பேர். ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் ஆப்பிள் டெவலப்பர் கணக்கை மில்லே தன் பெயரில் எடுக்கட்டும். உங்கள் கணக்கில் வெளியிட்டால், வேலை முடிந்த பிறகும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உங்களையே தேடி வருவார்கள்.