பழைய உயர்தர ஆடியோ சாதனங்களை இணையச் சந்தையில் விற்பது எப்படி?

அப்பா வாங்கி வைத்திருந்த ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி), டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி), பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 15,000 ரூபாய்க்குக் கடைக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா அல்லது இணையத்தில் விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பவை என்னென்ன என்று தெரியும்வரை கொடுக்காதீர்கள். பழைய ஆடியோ சாதனத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அதன் மாடல் எண்ணையும், அது இன்றும் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு நீங்கள் காட்டும் சான்றையும் பொறுத்தது.

முதலில் ஒவ்வொன்றையும் திருப்பி, பின்புறத் தகட்டைப் படம் எடுங்கள். 'பழைய ஸ்டீரியோ செட் விற்பனைக்கு' என்று விளம்பரம் கொடுத்தால் பழைய சாமான் வாங்குபவர்தான் அழைப்பார். விவரம் தெரிந்தவர்கள் 'மரான்ட்ஸ் 2270', 'டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2' என்று மாடல் பெயரைக் கொடுத்தே தேடுகிறார்கள். விலையை அறிய ஈபே தளத்தில், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். இன்னும் விற்காமல் கிடக்கும் பொருளுக்குப் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசையைத்தான் சொல்லும். அந்த டாலர் தொகையையும் அப்படியே ரூபாயாக மாற்றிக் கேட்க முடியாது; இங்கே வாங்குவோர் குறைவு, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

அதே தகட்டில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு விவரம் மின்னழுத்தம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவிலிருந்து வந்தவை ஏறத்தாழ 120 வோல்ட்டிலும் இயங்குபவை. நம் வீட்டுப் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவரப்பட்ட பழைய செட்டுகள் பலவற்றின் பின்புறம் மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்ச் இருக்கும். இருந்தால் அதையும் படத்தில் காட்டுங்கள், அதற்குத் தனி மதிப்பு உண்டு. டர்ன்டேபிளில் அதிர்வெண்ணையும் பார்க்க வேண்டும். சின்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக அமைந்த அத்தகைய மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது சரியாகாது, பெல்ட் ஓடும் புல்லியைத்தான் மாற்ற வேண்டும். வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தால் கட்டுப்படுத்தும் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற டர்ன்டேபிள்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரை ஆர்வத்தில் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே மின்னூட்டத்தைச் சேமிக்கும் எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள் பலவீனமடைந்திருக்கலாம். ஒரு நல்ல மெக்கானிக் வேரியாக் என்ற, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிப் பார்ப்பார், அந்தச் செலவு வீண் போகாது. கண்ணாடிக் குழாய்கள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டவே கூடாது. ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தைப் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் ஈரக் காற்றிலும் அது பிசுபிசுத்து, விரல் பட்டாலே தூளாக உதிரும். உதிர்ந்திருந்தால் மறைக்க வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது வாங்குபவருக்குத் தெரியும். ரிசீவரின் முகப்புத் தகட்டை மட்டும் எந்தக் கிளீனராலும் அழுத்தித் தேய்க்காதீர்கள். அழுக்கோடு சேர்ந்து எழுத்துகளும் போய்விடும், அழிந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல.

நிழற்படத்தைவிட வீடியோவுக்கு நம்பிக்கை அதிகம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா இல்லையா என்பது கேட்கட்டும். இடது, வலது என இரண்டு சேனல்களும் தனித்தனியாகப் பேசட்டும். எஸ்எல்-1200 எம்கே2-வில் தட்டின் விளிம்பில் புள்ளி வரிசைகள் உள்ளன. சிவப்பு விளக்கொளியில், சரியான வேகத்துக்குரிய வரிசை அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டும். அந்தச் சில நொடிகளைப் படம்பிடித்துப் போட்டாலே, விவரம் தெரிந்தவர் கேட்கும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.

மூன்றையும் ஒரே விலைக்குக் கட்டிவிடாமல் தனித்தனியாக விளம்பரம் செய்யுங்கள். ஸ்பீக்கர்களை உள்ளூரிலேயே, நேரில் வந்து கேட்டுப் பார்ப்பவரிடம் விற்பதுதான் நல்லது. டர்ன்டேபிளை வெளியூருக்கு அனுப்ப நேர்ந்தால் தட்டையும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எதிர் எடையையும் கழற்றித் தனியே சுற்றி, ஊசிக்கு மூடி போட்டு, டோன் ஆர்மைக் கட்டி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வைத்து அனுப்புங்கள். கழற்றாமல் அனுப்பினால், பார்சல் லாரியின் குலுக்கலில் தட்டு பேரிங்கை இடித்தே கெடுத்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். பொருளைப் பார்க்காமலே, பேரமும் பேசாமல், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்கிறார்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உண்மையாக வாங்குபவர் வந்தால், வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததை நீங்களே திறந்து பார்த்த பிறகு, மாடல் எண், தொடர் எண், தெரிந்த குறைகள், 'ஓட்டிக் காட்டப்பட்டது' என்ற வரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.