பயனீட்டாளர் கேள்வி-பதில்: மூன்று நாள் பாஸும் மாமனாரின் முழங்காலும்

சிங்கப்பூரில் ஒரே கட்டணத்தில் பல இடங்களுக்கு நுழைவு தரும் சுற்றுலாப் பாஸ் பற்றிப் போன மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

டிசம்பரில் திருச்சியிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். பத்து நாள் தங்குவார்கள். எங்களோடு சேர்த்துப் பெரியவர் நால்வர், பிள்ளைகள் இருவர். “மூன்று நாள், முப்பது இடம்” என்று ஒரு பாஸ் கண்ணில் பட்டது. ஆறு பேருக்கும் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. — ஈசூன் வாசகி

கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், அம்மா. பத்து நாள் தங்குகிறவர்களுக்கு மூன்று நாள் பாஸ் எதற்கு? அது விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கானது. முழங்கால் வலியோடு ஒருவர் வந்தால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் ஓடும். விலங்குத் தோட்டத்தில் டிராம் இருப்பதால் சமாளிக்கலாம். முடித்த கையோடு செந்தோசாவுக்கும் போய்விடலாம் என்று உங்கள் கணவர் சொன்னால் வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். விலங்குத் தோட்டம் உள்ள மண்டாய் சிங்கப்பூரின் வடபகுதியில் இருக்கிறது, செந்தோசா தெற்குக் கோடியில்.

டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிப்புற ராட்டினங்களையும் உயரமான நடைபாலங்களையும் நிறுத்திவிடுவார்கள். பாஸில் ஓடுகிற நாளை யாரும் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

முக்கியமான விஷயம், பாஸுக்கு விலை போடுவது சுற்றுப்பயணிகளுக்கான கட்டணத்தை வைத்து. இங்கே குடியிருக்கும் நீங்கள் நால்வரும் பாஸ் வாங்கினால், உள்ளூர்வாசிகளுக்கான சலுகையை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள். ஆகவே வேண்டாம். விலங்குத் தோட்டம் உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. காதிப் நிலையத்திலிருந்தே பேருந்து இருக்கிறது. கரையோரப் பூந்தோட்டத்தில் கிளவுட் ஃபாரஸ்ட் என்ற கண்ணாடிக் கூடத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். பராமரிப்புக்காக மூடும் நாள் உண்டு, முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தால் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளிக்காட்சி, காசு கிடையாது. மாமனார் மல்லாந்து படுத்துக்கொண்டே பார்க்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

பாஸ் லாபமா, நட்டமா? ஒரு வரியில் சொல்லுங்கள். — பிடோக்

போக நினைக்கும் இடங்களைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் வாங்கினால் நட்டம்.

“450 வெள்ளி (டாலர்) மதிப்புள்ள பாஸ், உங்களுக்கு 180 மட்டுமே” என்கிறது விளம்பரம். 270 வெள்ளி மிச்சம்தானே? — செங்காங்

இந்த “மதிப்பு” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சில வருடம் முன்பு ஒரு கண்காட்சிக் கூடத்தில் காய் நறுக்கும் கருவி ஒன்றை 89 வெள்ளிக்கு வாங்கினேன். ஏழு பிளேடு. விற்றவர் ஒவ்வொரு பிளேடுக்கும் தனி விலை சொல்லி, கையில் வைத்திருந்த வெள்ளைப் பலகையில் கூட்டி, 240 என்று வட்டம் போட்டுக் காட்டினார். நானும் 151 வெள்ளி மிச்சம் என்று வீட்டில் வந்து பெருமையடித்தேன். இன்றுவரை பயன்பட்டது ஒரு பிளேடு. வெங்காயத்தை இப்போதும் கத்தியால்தான் நறுக்குகிறோம்.

பாஸ் கணக்கும் இதே வெள்ளைப் பலகைதான். பட்டியலில் உள்ள எல்லா இடத்துக்கும் நுழைவாயில் முழு விலையைப் போட்டுக் கூட்டுவார்கள். அந்த விலைக்கு இன்று யார் வாங்குகிறார்கள்? இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் பல இடங்களில் அதைவிடக் குறைவு. எண்ணிக்கையைக் கூட்ட, நீங்கள் தனியாகப் பணம் கொடுத்துப் போகவே மாட்டாத நாலைந்து இடங்களைச் செருகியிருப்பார்கள். நடைச்சுற்றுலா, ஏதோ ஒரு பானத்துக்குக் கூப்பன், காந்தம் ஒட்டிய மெர்லயன் பொம்மை, எல்லாம் கூட்டலில் வரும். பெயர் பெற்ற பெரிய இடங்களையோ விலை கூடிய பாஸில் மட்டும் வைத்திருப்பார்கள், அல்லது “இவற்றில் ஏதாவது ஒன்று” என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு, நீங்கள் உண்மையாகவே போக விரும்புவது நான்கு இடம், இணைய விலையில் மொத்தம் 165 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 180 வெள்ளிப் பாஸில் உங்களுக்கு மிச்சம் 270 அல்ல, கையை விட்டுப் போனது 15. அந்தப் 15 வெள்ளியை ஈடுகட்ட ஐந்தாவது இடத்துக்கு ஓடுவீர்கள். அங்கே பசிக்கும், தண்ணீர் வாங்குவீர்கள், நேரமில்லை என்று டாக்சி பிடிப்பீர்கள். நகரத்தைப் பார்க்க வந்தவர் பாஸுக்கு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பாதித் தள்ளுபடி என்று ஒரு குறுஞ்செய்திச் செயலிக் குழுவில் கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு மின்-டிக்கெட் வாங்கினேன். மனைவியும் மகளும் ஊரிலிருந்து முதல் தடவை வந்திருந்தார்கள். வாசலில் ஸ்கேன் செய்தபோது “ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது” என்று வந்தது. விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 90 வெள்ளி போய்விட்டது. மகள் முன்னால் கூசிப் போனேன். — துவாஸ், வேலை அனுமதிச் சீட்டுக்காரர்

கூச வேண்டியவர் நீங்கள் இல்லை, தம்பி. ஒரே க்யூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்பது இவர்கள் தொழில். முதலில் ஸ்கேன் செய்தவருக்குக் கதவு திறக்கும், மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள்.

அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீதையும் கணக்கு எண்ணையும் படம் எடுத்து வைத்து, இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள், இணையத்திலேயே கொடுக்கலாம். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 1799 மோசடித் தடுப்பு உதவி எண். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே விசாரிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் எதிராளி யார் என்று தெரிந்தால்தான் வழக்கு. முகமில்லாதவன்மேல் போட முடியாது. பணம் திரும்புவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மனைவியும் மகளும் இன்னும் இங்கே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, அழைத்துப் போங்கள். 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மாலையில் மரீனா பே நீர்க்கரையில் 8 மணிக்கும் 9 மணிக்கும் ஒளி-நீர்க் காட்சி. செந்தோசா வேண்டுமென்றால் விவோசிட்டி கடைத்தொகுதி பக்கத்திலிருந்து நடைபாதை வழியாக நடந்தே போய்விடலாம். உள்ளே கடற்கரை டிராம் இலவசம்.

பாஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, நேரமில்லாமல் போகவில்லை. காலாவதி என்கிறார்கள். நிபந்தனைகளைப் படிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? — சுவா சூ காங்

கிடைக்காது. போன வருடம் உடற்பயிற்சிக் கூடச் சந்தா பற்றி எழுதியவரும் நீங்கள்தானே?

சென்னையிலிருந்து மூன்று நாள் வருகிறேன். ரயில், பேருந்தில் வரம்பில்லாமல் பயணம் செய்யும் சுற்றுப்பயணி அட்டை வாங்கலாமா? — மயிலாப்பூர்

இங்கே பெரியவர் ஒருவருக்கு விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கட்டணமே ஏறத்தாழ இரண்டு வெள்ளிதான். அட்டையின் விலையை நாள் கணக்கில் பிரித்து, அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அத்தனை முறை தினமும் ஏறுவீர்களா? ரயிலிலிருந்து இறங்கி உடனே பேருந்தில் ஏறினால் அது புதுப் பயணமல்ல, தொடர்ச்சியாகவே கணக்காகும், மறக்க வேண்டாம்.

உங்கள் விசா, மாஸ்டர்கார்டு தொடுகை அட்டையையே தட்டலாம். வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதல். ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஏறும்போது கைப்பேசியும் இறங்கும்போது அட்டையுமாக மாற்றித் தட்டாதீர்கள், இரண்டும் ஒரே கணக்கென்றாலும் இயந்திரத்துக்கு வேறு வேறு ஆள்.

வயது 68, குடிமகன். பேரன் எனக்கும் ஒரு பாஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். — அங் மோ கியோ

அவனைத் தடுங்கள். தேசிய அரும்பொருளகம், தேசியக் கலைக்கூடம், லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் குடிமக்களுக்கு இலவசம். மற்ற இடங்களில் மூத்தோர் கட்டணம் கேளுங்கள். கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்காக அரசாங்கம் தந்த, 2025 செப்டம்பரில் வந்த கலாசார அட்டையின் 100 வெள்ளியைத் தொட்டீர்களா? 2028 முடிவுவரை செல்லும். அரசாங்க மின்னியல் அடையாளச் செயலியான சிங்பாஸைத் திறக்கப் பேரனை உட்கார வையுங்கள், வாங்கித் தருவதற்குப் பதிலாக அதைச் செய்யட்டும்.

நானும் நண்பனும் கோலாலம்பூரிலிருந்து இரண்டு நாள் வருகிறோம். வயது 24. விலங்குத் தோட்டம், நைட் சஃபாரி, ராட்டினம், கேளிக்கைப் பூங்கா எல்லாம் பார்த்தே தீர வேண்டும். தூக்கம் வேண்டாம். — கோலாலம்பூர்

உங்களுக்குத்தான் பாஸ். இருந்தாலும் கேளிக்கைப் பூங்கா நீங்கள் வாங்கும் வகையில் சேர்ந்திருக்கிறதா, நைட் சஃபாரிக்கு நேரம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். பல பாஸ்களில் ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல, நாட்காட்டித் தேதி. ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாலை ஐந்தரைக்கு ஓர் அருங்காட்சியகத்தில் ஆசையாக என் பாஸை ஸ்கேன் செய்தேன். ஆறு மணிக்கு மணியடித்து வெளியே அனுப்பினார்கள். வாசலில் என் மனைவி கேட்டாள், “முதல் நாள் முடிஞ்சுதா?”

காலை விலங்குத் தோட்டம் திறக்கும்போதே தொடங்குங்கள்.