எந்தக் கோப்புக்கு எந்த மொழி? கேள்வி பதில்

கேள்வி: சார், சிஎஸ்வி, ஜேசான், எக்ஸ்எம்எல், லாக் ஃபைல்னு மாறி மாறி வருது. ஒரே ஒரு புரோகிராமிங் மொழி கத்துக்கத்தான் நேரம் இருக்கு. எது?

பதில்: பைத்தான். சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை), ஜேசான் (பெயர்-மதிப்பு ஜோடிகள்), எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் கட்டிய மரம்) மூன்றுக்கும் வேண்டிய நூலகம் அதோடு கூடவே வருகிறது. நடந்ததை வரி வரியாகப் பதிந்துவைக்கும் லாக்குக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறிப்பு) போதும். ஆனால் நான் முதலில் மொழியைப் பார்ப்பதில்லை. அந்த வடிவத்துக்கு அதில் நல்ல பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பகுதிகளாகப் பிரிக்கும் நிரல், இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கேள்வி: சிஎஸ்வி-க்குக்கூடவா பார்சர்? ஆக் (awk) மொழியில் ஒவ்வொரு வரியையும் கமா வைத்துப் பிரித்தால் வேலை முடிந்ததே!

பதில்: முகவரிப் புலம் வரும்வரை முடிந்ததுதான். மேற்கோள் குறிக்குள் கமாவும் வரலாம், புது வரியும் வரலாம். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஒரு வரி ஒரு பதிவு என்ற கணக்கே அங்கே அடிபட்டுப் போகிறது. ஜிஆக் (ஆக்-இன் குனு பதிப்பு) 5.3 முதல் சிஎஸ்வி-க்கென்றே ஒரு ஆப்ஷன் உண்டு, ஆக்-தான் வேண்டுமென்றால் அதைப் போட்டு ஓட்டுங்கள். கோப்பு எக்செல்லில் இருந்து வந்ததா? முதல் தலைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் (எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் அடையாளம்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். பைத்தானில் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறந்தால் அது போய்விடும்.

கேள்வி: அப்ப ஆக்-கைத் தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். அப்பாச்சி வெப் சர்வரின் லாக்கை இடைவெளியில் பிரித்தால் வழக்கமாக ஏழாவது புலம் பாதை, ஒன்பதாவது நிலைக் குறியீடு. ஒன்பதில் 404 (பக்கம் இல்லை) இருந்தால் ஏழைக் காட்டு என்பது ஆக்-கில் ஒரே வரி. 1977-இல் பெல் ஆய்வகத்தில் இந்த மாதிரி வேலைக்காகவே பிறந்த மொழி அது.

கேள்வி: நோட்.ஜேஎஸ்-ல ஜேசான் படிக்கிறேன். சில ஐடி-களில் கடைசி இலக்கம் மட்டும் மாறிடுது. பார்சர்ல பக்-ஆ?

பதில்: பக் இல்லை. நோட்.ஜேஎஸ் ஓட்டுவது ஜாவாஸ்கிரிப்டைத்தான், அதன் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி. இரண்டின் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்கள் எல்லாம் அதில் அப்படியே நிற்காது. 9007199254740993 என்று அனுப்பினால் 9007199254740992 என்றுதான் கிடைக்கும். பைத்தான் அதையே பிசகாமல் படிக்கும். ஜாவாஸ்கிரிப்டை விட முடியாதென்றால், அனுப்புகிறவர்களிடம் ஐடி-யை மேற்கோள் குறிக்குள் சரமாகத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: 12 ஜிபி எக்ஸ்எம்எல். திறந்ததும் மெமரி காலி. ஜாவாவுக்கு மாறட்டுமா?

பதில்: மாறினாலும் டாம் முறையில் படித்தால் அதே கதைதான், மொத்த மரத்தையும் நினைவகத்தில் கட்டப் பார்க்கும். பைத்தானின் 'இட்டர்பார்ஸ்' போதும், அது துண்டு துண்டாகப் படிக்கும். ஒவ்வொரு பதிவையும் எடுத்து முடித்ததும் அழியுங்கள், வேர் உறுப்பையும் சேர்த்து. இல்லையென்றால் வெற்று உறுப்புகள் அதற்கடியில் குவிந்துகொண்டே போகும்.

கேள்வி: அண்ணா, தமிழ்க் கட்டுரைகளில் சொல் எண்ணுகிறேன். பைத்தானில் பின்சாய்கோடு டபிள்யூ (சொல்லின் எழுத்துகளைப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறி) போட்டால் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடைகிறது.

பதில்: பைத்தானோடு வரும் 'ஆர்இ' என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. அதனால் 'மி'-யின் கொக்கி வந்ததும் சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. 'ரெஜெக்ஸ்' என்ற வெளி நூலகத்தை நிறுவினால் சரியாகும். பெர்ல் மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. வயதாகிவிட்டது என்று அதை ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். நீளம் எண்ணுவதிலும் மொழிக்கு மொழி கணக்கு வேறு. 'நீ' என்பதற்கு பைத்தான் 2 என்னும், கோ மொழி பைட்டை எண்ணி 6 என்னும், ஸ்விஃப்ட் 1 என்னும். நாம் ஓரெழுத்து என்று சொல்வதோடு ஒத்துப்போவது ஸ்விஃப்ட்தான்.

கேள்வி: மெயின்பிரேம் (பெரிய நிறுவனக் கணினி) கோப்பு, எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக் குறியாக்கம். மொத்தமாக யூடிஎஃப்-8 ஆக்கினால் தொகைகள் மட்டும் குப்பையாக வருகின்றன.

பதில்: அந்தத் தொகைகள் காம்ப்-3 ஆக இருக்கும். ஒரு பைட்டில் இரண்டு இலக்கத்தை அடைத்து வைக்கும் முறை அது, எழுத்தே அல்ல. கோபால் (COBOL) மொழிக் காப்பிபுக்கை, அதாவது எந்தப் புலம் எத்தனை பைட் என்று சொல்லும் பட்டியலை, வாங்கி, பைட் கணக்கில் முதலில் புலங்களை வெட்டுங்கள். பிறகு எழுத்துப் புலங்களை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பைத்தானில் 'சிபி037' என்ற எப்சிடிக் குறியாக்கம் உண்டு.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதினால் எல்லாமே வேகமாகுமே?

பதில்: பெரும்பாலும் ஆகும். தினமும் ஓடுகிற, மணிக்கணக்கில் இழுக்கிற வேலை என்றால் எழுதுங்கள். ஒரே தடவை ஓட்டித் தூக்கிப் போடுகிற ஸ்கிரிப்டுக்கு வேண்டாம்.