ஜெர்மனியில் 1 யூரோ முதலீட்டில் கம்பெனி: செய்யலாமா?

1 யூரோ முதலீட்டில் யு.ஜி. (UG, ஜெர்மனியில் குறைந்த முதலீட்டில் தொடங்கும் வரையறுத்த பொறுப்புக் கம்பெனி) பதியலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் வேண்டாம். சட்டமே தரும் மாதிரி ஆவணத்தில் பதிந்தால் தொடக்கச் செலவில் கம்பெனி ஏற்பது அதிகபட்சம் 300 யூரோ. அதுவும் முதலீட்டுத் தொகையைத் தாண்டக்கூடாது. ஆக, நோட்டரி பில் உங்கள் பையிலிருந்துதான். அதன்பின் வரும் முதல் பில்லிலேயே கம்பெனி திவால் நிலைக்குப் போய்விடும். 1,000 யூரோவாவது போடுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நோட்டரியிடம் கையெழுத்து, பிறகு கம்பெனி பெயரில் வங்கிக் கணக்கு, அதில் முழு முதலீடும் பணமாக (பணத்துக்குப் பதில் லேப்டாப் போன்ற பொருளைக் கணக்கில் காட்ட முடியாது). பணம் போட்டதற்கான வங்கிச் சான்றைப் பார்த்துத்தான் நோட்டரி பொதுவாக விண்ணப்பத்தை வணிகப் பதிவேட்டுக்கு அனுப்புவார்.

முதலீட்டை 25,000 யூரோவாக உயர்த்தும்வரை ஆண்டு லாபத்தில் கால் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும்.

பதிவானதும் அரசு முத்திரை போலவே போட்டு 'பதிவுக் கட்டணம்' கேட்டுக் கடிதங்கள் வரும். அதில் பல டுபாக்கூர். நோட்டரியிடம் கேட்காமல் கட்டாதீர்கள்.