கதை உங்களுடையதுதான், அந்தப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டு வேலை முடிந்ததும் கதை எழுதுவது வழக்கம். நான்கு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சிறுகதைப் போட்டிக்கு 300 ரூபாய் கட்டிக் கதை அனுப்பினேன். பாதி மதிப்பெண் நடுவருடையது, பாதி லைக்குக்கு என்றார்கள். முதல் பரிசு போட்டி நடத்தியவரின் கொழுந்தியாளுக்கே போனது. இப்போது என் கதை ‘சிறப்புத் தேர்வு’ என்றும், தொகுப்பு நூலில் சேர்க்க 350 ரூபாய் விலையில் 10 பிரதி வாங்க வேண்டும் என்றும் சொல்லி, ஓர் ஒப்புதல் படிவமும் அனுப்பியிருக்கிறார்கள். நான் தயங்கியதும், ‘விதிப்படி கதை எங்களுக்குச் சொந்தம், வேறெங்கும் போடக்கூடாது’ என்கிறார்கள். பணமும் போய், கதையும் போய்விடுமா சார்?

பதில்: போகாதும்மா. கதை உங்களுடையதுதான். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இனியும் போடாதீர்கள். பத்துப் பிரதியும் வாங்க வேண்டாம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கதையை எழுதியவர்தான் அதன் முதல் உரிமையாளர். அந்த உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். எந்தக் கதை, என்ன உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டு எல்லைக்குள், பதிலுக்கு என்ன தொகை என்பதெல்லாம் அந்தத் தாளில் சொல்லியிருக்க வேண்டும். ‘அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் அமைப்பாளருக்கே சொந்தம்’ என்று போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் போட்ட ஒரு வரி அந்த வேலையைச் செய்யாது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் இப்போது படிவம் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒருவேளை நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். முதலில் அந்தப் படிவத்தை எடுத்து, எத்தனை வருடத்துக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காலமே எழுதவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும், ஆயுளுக்கும் என்று எடுத்துக்கொள்ளாது. எல்லை எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அடுத்ததாக, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், படிவத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது தானாகவே காலாவதியாகிவிடும். ஆகவே தேதி முக்கியம். தேதி போடாத படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தங்களுக்கு வசதியான நாளைப் பிறகு நிரப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அனுப்பிய நாளின் வாட்ஸ்அப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்திருந்தாலும், ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு அச்சடிக்க முடியாது.

அடுத்து, கொழுந்தியாளுக்குப் பரிசு கிடைத்தது. ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் ‘அமைப்பாளரின் உறவினர் கலந்துகொள்ளக் கூடாது’ என்று அவர்கள் விதியில் இல்லாதவரை, அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. எந்தக் கதை சிறந்தது என்று எந்த நீதிமன்றமும் படித்துப் பார்த்துச் சொல்லாது. கதை அனுப்புவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. நடுவர் யார் என்று முன்கூட்டியே சொன்னார்களா, கதைகளைப் பெயர் நீக்கி எண் போட்டு அவரிடம் கொடுக்கிறார்களா, முடிவு என்றைக்கு, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத போட்டிக்குக் கதை அனுப்பாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நம் மாவட்டத்திலேயே ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கதைகள் பெயரோடு, ஊரோடு, போட்டோவோடு வந்தன. எண் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். ‘அதெல்லாம் பெரிய வேலை சார்’ என்றார்கள். நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு. நான் கொடுத்த பட்டியல் ஒன்று, மேடையில் படித்த பட்டியல் வேறு. என் பெயர் மட்டும் நடுவர் என்று பேனரில் இருந்தது. அன்றிலிருந்து எண் போடாத கதைக் கட்டை நான் கையில் வாங்குவதில்லை.

லைக் கணக்கு அதைவிட மோசம். தெரிந்தவர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். உங்களுக்கு அதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஓட்டுக்காக உங்கள் கதையைப் பொதுவில் போட்டுவிட்டார்கள். ‘வேறெங்கும் வெளிவராத கதை’ என்று கேட்கும் பத்திரிகைகள் இனி அதை வெளிவந்த கதையாகத்தான் பார்க்கும். கதையை எடுக்கச் சொல்லி இன்றே எழுதுங்கள்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். 200 பேர் 300 ரூபாய் கட்டினால் 60,000 ரூபாய். அதில் 40 பேர் ‘சிறப்புத் தேர்வு’ ஆகிப் பத்துப் பத்துப் பிரதி வாங்கினால் 1,40,000 ரூபாய். பரிசாக ஐயாயிரமோ பத்தாயிரமோ போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தப் புத்தகத்தைக் கடையில் யாரும் வாங்க வேண்டியதே இல்லை, எழுதியவர்களே வாங்கிவிடுகிறார்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணோடு வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள முகமை அந்த எண்ணை இலவசமாகத் தருகிறது. எண் இருப்பதால் புத்தகத்துக்குத் தரம் வந்துவிடாது. அடுத்த வருடம் ‘உலக சாதனைச் சான்றிதழ்’ என்பார்கள், அதற்கடுத்து ‘கௌரவ டாக்டர் பட்டம்’ என்பார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்த கல்வி நிறுவனங்களுக்கும்தான் உண்டு. ஔவை பெயரிலும் அதியமான் பெயரிலும் விருது என்றால் நம் ஊரில் கை தானாகப் பணப்பைக்குப் போகிறது. அரசு தரும் ஔவையார் விருது வேறு, இவர்கள் விற்பது வேறு. ‘காப்பிரைட் எடுத்துத் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்’ என்று ஒரு தரகரும் நடுவில் வருவார். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. பதிய விரும்பினால் கதைக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே கட்டலாம்.

டீக்கடை வைக்கக்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். கதைப் போட்டி என்று ஊரெல்லாம் பணம் வாங்க ஒரு போஸ்டரும் ஒரு க்யூஆர் கோடும் போதும். நடத்துகிறவர் யார், பணம் எங்கே போனது என்று கேட்க ஓர் அலுவலகம் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் மேட்டரும்மா’ என்று அனுப்பிவிடுவார்கள்.

ஆனாலும் ஒரு கதவு இருக்கிறது. தங்கள் வியாபாரத்தை வளர்க்கப் போட்டி நடத்துவதையும், பரிசு அறிவித்துவிட்டு இறுதி முடிவைச் சொல்லாமல் மறைப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு உதவும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அப்புறம் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் சென்னையில் இருந்தாலும் சரி. இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கியே வருடத்தைக் கடத்துகிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 300 ரூபாய்க்குப் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி ஏறி வருவது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

கடிதம் மட்டும் கட்டாயம் எழுதுங்கள். ‘இந்தத் தலைப்பிலான கதையை எழுதியவள் நான். அதன் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தொகுப்பில் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. பொதுவில் போட்டதை ஏழு நாளில் நீக்குங்கள். மதிப்பெண் பட்டியலை அனுப்புங்கள்.’ இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து வையுங்கள். கதையை அடுத்து எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும், ஒரு போட்டியின் ஓட்டெடுப்புக்காகச் சில வாரம் பொதுவில் இருந்தது, இப்போது நீக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து அனுப்பிப் பிறகு தெரிந்தால், அந்த ஆசிரியர் உங்கள் அடுத்த கதையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.