பெண்ணாக உடுத்திக்கொண்டு கடை வேலைக்குப் போக ஆசை. வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்கிறார் முதலாளி. என்ன செய்யலாம்?

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடம் பேண்ட் சட்டையில் வேலை பார்த்தேன். அப்புறம் நான் திருநங்கை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சேலைக்கு மாறினேன். "கஸ்டமர் என்ன நெனைப்பாங்க தம்பி?" என்பதுதான் அவரும் முதலில் கேட்டது.

"எதுக்கு முகம் சுளிப்பாங்கன்னு நெனைக்கிறீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவருக்கு இருந்தவை இரண்டே பயம்: பெண்களுக்குச் சேலை வைத்துக் காட்டுவது, கழிப்பறை.

முதலாவது எளிது. வந்தவர்களைத் தொடாமல் என் தோளிலேயே முந்தானையைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். யாராவது தயங்கினால் பக்கத்தில் நிற்கும் அக்கா வந்து காட்டுவார். ஆனால் நான் கவுன்ட்டரை விட்டுப் போகமாட்டேன். மூன்றாவது வாரம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா, "அந்த அரக்கையும் உன் தோள்ல போடும்மா, நெறம் எடுக்குதான்னு பாப்போம்" என்றார். பதினோரு சேலை பிரித்தோம். கல்லாவிலிருந்து அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். பேசாமல் வேறு பக்கம் போகிறவர்கள் இன்றும் உண்டு, அது வலிக்கத்தான் செய்கிறது.

"கொஞ்ச நாள் குடோன்ல இரு" என்றும் சொன்னார். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடோனுக்குள் போனவரை மறுபடி கவுன்ட்டருக்குக் கூப்பிட யாருக்கும் அவசரம் இருக்காது. வேலையில் பாகுபாடு கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. புகார் கேட்க ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது 11ஆவது பிரிவு. அந்தப் பக்கங்களை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். வெளியே எடுக்கும்படி ஆகவில்லை. யூனிஃபார்ம் சேலை, பின், கொண்டை என மற்றப் பெண்களுக்கு உள்ள விதி நமக்கும் இருந்தால் அது நியாயம்தான். கூடுதலாக ஒன்று சேர்த்தால் கேளுங்கள்.

2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை டிக்கெட் கவுன்ட்டரில் வைத்ததையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அங்கே சிலர் சீக்கிரமே வேலையை விட்டார்கள். சம்பளத்துக்குள் வாடகை வீடு கிடைக்காததுதான் காரணம்.

கழிப்பறை விஷயம்தான் இழுத்தது. நான் செய்த தவறு, முதலாளியிடம் முதலில் கேட்டது. அவர் அறிவித்ததும் பெண் ஊழியர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். ஒரு அக்கா மட்டும் ஒரு வாரம் கேட்டார், அதுவரை மாடியில் இருந்ததைப் பயன்படுத்தினேன். நீங்கள் அவர்களிடம் முதலில் பேசிவிட்டு, அப்புறம் முதலாளியிடம் போங்கள்.