‘அது கிடக்கட்டும்’ என்றீர்களே…

வணக்கம் மேடம்,

எனக்கு 47 வயது, திருமணம் ஆகவில்லை. மறதி நோய் வந்த அம்மாவை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல்முறையாக ஐந்து நாள் தனியாக பாங்காக் போனேன். அண்ணனும் அண்ணியும் வந்து வீட்டில் இருந்தார்கள். நான்கு நாள் குறையில்லை. கடைசி நாளைத்தான் அண்ணன் பாழாக்கிவிட்டார்.

இரவு பத்தரைக்கு விமானம். காலையிலேயே பெட்டியை ஓட்டல் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறினேன். டிக்கெட் 16 பாட். தா தியன் துறை வருவதற்குள் மூன்று போன். பிரஷர் மாத்திரை எங்கே? அம்மாவுக்கு எந்தத் துண்டு? நடத்துநர் தகர உருளையைக் கலகலவென ஆட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார். நான் சில்லறை தேடுவதா, மாத்திரைக்கு வழி சொல்வதா? அந்த எரிச்சலில்தான், அரண்மனைச் சுவரோரம் ‘இன்று மூடியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னதை நம்பி துக்-துக்கில் ஏறி, ஏதோ ரத்தினக் கடையில் போய் இறங்கினேன்.

பிறகு வாட் போ கோயில். 46 மீட்டர் நீளச் சயன புத்தர். அவர் முதுகுப் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் சில்லறை தருவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட வேண்டும். பாதியில் மறுபடியும் அண்ணன். பதற்றத்தில் எதிலோ இரண்டு விழுந்திருக்கும், கடைசி நாலைந்து கிண்ணத்துக்குக் காசே இல்லை. இரண்டு மணிக்கு போனை அணைத்தேன். நாலரைக்குத் திறந்து பேசினால் அதற்கும் கோபம். (அன்று மதியம் அம்மா அண்ணியை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடம்பிடிக்காமல் ரசம் சாதம் முழுக்கச் சாப்பிட்டாராம். அது கிடக்கட்டும்.) பூச்சந்தைக்குப் போக நேரமில்லாமல் பயாதாய் போய் விமான நிலைய ரயிலைப் பிடித்தேன். அண்ணனுக்குத் தைலம், பக்கத்து வீட்டுக்குக் காய்ந்த மாம்பழம், அவ்வளவுதான் வாங்க முடிந்தது.

வங்கி அதிகாரி அவர். ஐந்து நாள் பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? இனி நான் வெளியூர் போனால் போன் செய்யாதே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விக்குப் பதில் சின்னது. பாங்காக் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ‘நம்ம நேரம் இரவு ஏழுக்கு ஒரு போன், அவசரமென்றால் மட்டும் நடுவில்’ என்று கிளம்பும்போதே பேசியிருக்கலாம். ஆனால் அடைப்புக்குறிக்குள் தள்ளி, ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போனீர்களே, அதை அப்படிக் கிடக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்றே கடிதம் முழுக்க எழுதுகிறீர்கள். நாலரை மணிக்கு உங்களைக் குத்தியதோ, அவர்கள் சமாளித்துவிட்டார்கள் என்ற செய்தி. திணறியிருந்தால் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பீர்கள்.

மாத்திரை எங்கே என்று ஏன் கேட்டார்? ஆறு வருடமாக அந்த விவரமெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அலட்சியக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் போவார். தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். ரத்தினக் கடைப் பழியையும் அவர் தலையில் போடுவது கொஞ்சம் அதிகம். அது அந்த ஊரின் பழைய வித்தை. மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் வாசலில்தான் கேட்க வேண்டும்.

அண்ணி செய்ததைப் பாருங்கள். ‘நான் அவளில்லை அத்தை’ என்று திருத்தியிருந்தால் அம்மா குழம்பியிருப்பார், குழப்பம் பயமாகி, தட்டைத் தள்ளிவிட்டிருப்பார். மறதி நோயாளியின் பேச்சைத் திருத்தாதீர்கள் என்று குடும்பத்தாருக்குச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது. யாரும் சொல்லாமலே அவர் உங்கள் பெயருக்கு ‘ம்’ கொட்டியிருக்கிறார்.

என் இடத்தை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. முகங்கள் கலைந்துபோகிற நோய் இது. எந்தக் கை சோறு ஊட்டினாலும் அந்தக் கைக்கு அம்மா உங்கள் பெயரை வைத்திருக்கிறார்.

‘நான் இல்லாமல் நடக்காது’ என்ற நினைப்புதான் இத்தனை நாள் உங்களைத் தாங்கியது. நாளைக்கு உங்களுக்கே டைபாய்டு வந்து படுத்தால் அதே நினைப்பால் அம்மாதான் பட்டினி. காலை, மதியம், இரவு என்று பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பொழுது சாயும் நேரத்தில் அம்மா பரபரத்தால் எந்த விளக்கைப் போட வேண்டும், எந்தப் பாட்டுக்கு அடங்குவார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் இரண்டு நாள் அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.

தைலம் கணக்கில் வந்தது, காய்ந்த மாம்பழமும் வந்தது. அண்ணிக்கு என்ன வாங்கினீர்கள் என்று கடிதத்தில் காணோம். இன்றைக்கே அவருக்கு போன் போட்டு, அன்று மதியம் எப்படி ஊட்டினார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் திருத்தாமல் கேளுங்கள்.